கோபுரம் நிற்குது... ஆளைக் காணோம்!

புயல் அடித்து ஓய்ந்ததும் போட்டோக்காரர்கள் எதைத் தேடி ஓடுவார்கள் தெரியுமா? கலங்கரை விளக்கத்தை!

ஊரே தரைமட்டமாகக் கிடக்கும். நடுவிலே அது மட்டும் நெட்டையாக நிற்கும். படம் ஜோராக இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் ஒரு ஆறுதல்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். அங்கே சானிபெல் என்று ஒரு தீவு. 2022 செப்டம்பர் 28-ந் தேதி, புதன்கிழமை, பகல் 3 மணி சுமாருக்கு "இயான்" சூறாவளி அதன் பக்கத்தில் கரை ஏறியது. காற்று மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம். தீவுக்குப் போகிற பாலச்சாலை பல இடத்தில் அறுந்து போனது.

தீவின் முனையில் கலங்கரை விளக்கம். அதற்கு 4 இரும்புக் கால். ஒரு காலைக் கடல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மீதி 3 காலில் கோபுரம் நின்றது!

1884-ல் கட்டிய கோபுரம் அது. உயரம் ஏறக்குறைய 100 அடி. அதற்கு வந்த இரும்பு, வழியிலே கப்பலோடு கடலில் மூழ்கியது. முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்து வந்து நிறுத்தினார்கள். பிறக்கும்போதே ஒரு கண்டம்!

ஏன் விழவில்லை? மாயம் ஒன்றும் இல்லை. நம்ம ஊர் மின்சார டவர் மாதிரி வெறும் சட்டம்தான். காற்று இடுக்கு வழியாகப் போய்விடும். அலையும் காலுக்கு நடுவே பாய்ந்துவிடும். முட்டுவதற்குச் சுவர் இல்லை.

ஆனால் அதன் காலடியில் விளக்குக் காவலர்கள் குடியிருந்த 2 பழைய மரவீடுகள் இருந்தன. சுவர் உள்ள வீடு. இரண்டையும் கடல் கொண்டுபோயிருச்சு.

5 மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 28-ந் தேதி, விளக்கை மறுபடி ஏற்றினார்கள். சந்தோஷம்தான். நாம் குறை சொல்லவில்லை. கோபுரம் நின்றதைப் பேசுகிறவர்கள், மனுஷன் நின்றானா என்பதையும் பேச வேண்டாமா?

6 பிள்ளைகளின் தகப்பன்

பழைய கதை ஒன்று. 1938 செப்டம்பர் 21-ந் தேதி. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பெரிய சூறாவளி. அது கடல் பக்கம் திரும்பிவிடும் என்று வாஷிங்டனில் இருந்த வானிலை அதிகாரிகள் நினைத்தார்கள். திரும்பவில்லை. மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்தது. கரையில் இருந்தவர்களுக்குச் சரியான எச்சரிக்கையே இல்லை.

ரோட் ஐலண்டு கடலில் "வேல் ராக்" என்ற பாறையில் ஒரு விளக்கு. அன்று தலைமைக் காவலர் கரையில் இருந்தார். உதவிக் காவலர் மட்டும் தனியாக வேலையில் இருந்தார். 6 பிள்ளைகளின் தகப்பன். அலை வந்து கோபுரத்தை அடித்தளத்தில் இருந்து பிய்த்தது. கோபுரமும் போனது, ஆளும் போனார். பிணம்கூடக் கிடைக்கவில்லை.

அதே நாள் நியூ பெட்போர்டு துறைமுகத்தில் ஆர்தர் சுமால் என்ற காவலரை அலை அடித்துத் தள்ளியது. காப்பாற்றப் படகை எடுக்கப் போன அவர் மனைவி கடலில் மாண்டார். அவர் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கோபுரம் ஏறி, ராத்திரி முழுக்க விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டார். இதை வீரம் என்று எழுதுகிறார்கள். வீரம்தான். அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால்?

செவ்வாய்க்கிழமை உத்தரவு

அன்றைக்கு ரேடார் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. 2022-ல் எல்லாம் இருந்தது. சானிபெல் விளக்குக்குக் காவலர்கூடத் தேவை இல்லை. தானாக எரிகிற விளக்கு. ஆபத்தில் இருந்தவர்கள் கரையோர ஜனங்கள்.

அந்தத் தீவு லீ கவுண்டியில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம்ம ஜில்லா மாதிரி. கடல் எப்போது ஜனங்களை வெளியேற்ற வேண்டும் என்று அவர்களே ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். தரைக்கு மேல் 6 அடி கடல்நீர் ஏற 100-க்கு 10 பங்கு வாய்ப்பு இருந்தாலே போதும், வெளியேற்றலாம் என்று அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே முன்னறிவிப்பு அந்த அளவைக் காட்டிவிட்டது.

பக்கத்துக் கவுண்டிகள் சில திங்கட்கிழமையே உத்தரவு போட்டன. லீ கவுண்டி போட்டது செவ்வாய்க்கிழமை காலையில்! மறுநாள் பகலில் புயல் வந்துவிட்டது. போர்ட் மயர்ஸ் பீச்சில் 10 அடி முதல் 15 அடி வரை தண்ணீர். அமெரிக்காவில் இந்தப் புயலுக்குப் பலி 150-க்கு மேல். அதிகம் பேர் செத்தது லீ கவுண்டியில்தான். முழுகிச் செத்தவர்கள் நிறைய. வயசானவர்கள் நிறைய.

அதிகாரிகள் சொன்ன சமாதானம் என்ன? "படத்திலே கோடு வடக்கே டாம்பா பக்கம் போயிற்று. கடைசியில் மாறிவிட்டது" என்பதுதான்.

கோடு என்பது புயலின் நடு மட்டும். புயல் என்ன நூலா? அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மைல் அகலம். அந்தப் படத்திலேயே கோட்டைச் சுற்றி அகலமாக நிறம் தீட்டித்தான் கொடுக்கிறார்கள். உஷாராக இருக்கச் சொல்லித்தானே அந்த நிறம்?

100-க்கு 10 பங்கு என்று எழுதியது அவர்கள் கைதான். ஞாயிறு ராத்திரி அந்தக் காகிதத்தை ஏன் எடுத்துப் பார்க்கவில்லை? செவ்வாய் காலை வரை யாருக்காகக் காத்திருந்தார்கள்? செத்தவர்கள் வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லட்டும்.