காரை இறக்காதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தை இறக்கி விறைப்பான ஸ்பிரிங் போட்டால் கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்பது கொழும்பில் ஊறிப்போன நம்பிக்கை. கொள்ளுப்பிட்டியிலிருந்து பஞ்சிகாவத்தைக்குப் போய் ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் சேர்ந்த ஒரு கொயிலோவர் செட் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்கள் மறுபடி வர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆன நாடு இது. மிஞ்சியிருக்கும் நல்ல கார்களை இப்படிக் கெடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏஇ86ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முன்சில்லு மக்பர்சன் ஸ்ட்ரட்டில் நிற்கிறது: மேலே ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றாக, கீழே ஒரு லோவர் ஆர்ம். காரை ஐந்து சென்றிமீற்றர் இறக்கினால் அந்த ஆர்மின் சில்லுப் பக்க முனை மேலேறிவிடும். காரின் பாரமையம் இறங்குவது ஐந்து சென்றிமீற்றர்தான். ஆனால் வளைவில் பொடி எந்தப் புள்ளியைப் பற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர் அதைவிடக் கூடுதலாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைத்தூரம் கூடக்கூட, பொடியைச் சாய்க்கும் விசையின் கை ஓங்குகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாமல் விட்டால், இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். விறைத்த ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பகுதி இந்தச் சேதத்தை மறைக்கவே போய்விடுகிறது. ஓட்டுபவரோ முதுகில் உணரும் விறைப்பைப் பிடிமானம் என்று நம்புகிறார்.

ஸ்டியரிங் பாடு இன்னும் மோசம். சில்லைத் திருப்பும் டை ரொட்டும் லோவர் ஆர்மும் ஒத்த வில்லில் ஆடவேண்டும். காரை இறக்கியதில் அவற்றின் கோணம் கெட்டால், காலி வீதிப் பள்ளமொன்றில் இறங்கி ஏறும்போது ஸ்டியரிங் அசையாமலே சில்லு திரும்பும். பக்கத்தில் த்ரீவீலர் உரசிக்கொண்டு வரும் வீதியில் இது உயிரோடு விளையாடுவது. இறக்கியே தீருவேன் என்பவர் ஆர்மின் கோணத்தை மீட்கும் ரோல் சென்டர் ஸ்பேசரும் சேர்த்துப் போடவேண்டும். கொயிலோவர் வாங்கும் பலர் அதைக் கேட்பதே இல்லை.

பந்தயக் கார்கள் தாழ்ந்துதானே ஓடுகின்றன என்பார்கள். ஓடுகின்றன, வழவழப்பான தடத்தில், ஆர்ம் பொருந்தும் புள்ளிகளையே மாற்றியமைத்துக்கொண்டு. சாதாரண வீதிக்காக 1962இல் லோட்டஸ் எலான் வந்தபோது, கொலின் சப்மன் அதற்குக் கொடுத்தது மென்மையான ஸ்பிரிங்கும் அதை நன்றாக அடக்கும் சொக்கும். வளைவில் அது போகும் அழகை இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள். விறைத்த ஸ்பிரிங்கில் நிற்கும் சில்லு மேட்டில் துள்ளும். தரையை விட்ட டயருக்கு ஏது பிடி?

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ரப்பர் புஷ், போல் ஜொயின்ட், தரமான சொக். முப்பது வருடம் வெயிலும் மரைன் டிரைவ் உப்புக்காற்றும் தின்ற புஷ்ஷை மாற்றினாலே ஸ்டியரிங் உயிர்பெறும். கராஜில் பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில்லு அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்க விடாதீர்கள். அப்படி இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பாரம் சில்லில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு, அதன் பிறகே அலைன்மென்ட்.