நீளக் கம்பி மோகம்

சிற்றலை கேட்க ஆசைப்பட்டு வானொலி வாங்குபவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, மொட்டை மாடியில் முப்பது மீட்டர் கம்பி கட்டு என்பதுதான். எவ்வளவு நீளமோ அவ்வளவு நிலையங்கள் என்கிறார்கள். இன்றைய கையடக்க ரேடியோக்களுக்கு இது கெடுதலான யோசனை. இதை நம்பிக் கம்பி கட்டியவர், இரைச்சலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய குரல்களையும் கேட்டுவிட்டு, ரேடியோதான் மட்டம் என்று பரணில் போட்டுவிடுகிறார்.

வால்வு ரேடியோ காலத்தில் இது சரியாக இருந்தது. அந்தப் பெட்டிகளில் ஏரியலை அடுத்து ஒரு ட்யூனிங் சுற்று உண்டு. குமிழைத் திருகினால் கேங் கண்டென்சரோடு அதுவும் நகர்ந்து, வேண்டிய அலைவரிசைக்கு மட்டும் வழிவிடும். இப்போதைய சிறிய ரேடியோக்கள் பலவற்றில் அந்தக் காவல் இல்லை. உடலோடு ஒட்டிய இழுப்புக் கம்பி கொண்டுவரும் சொற்ப சிக்னலுக்கென்றே அவற்றின் முதல் டிரான்சிஸ்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. முப்பது மீட்டர் கம்பியைச் செருகினால் வானத்தில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் அதன் தலையில் இறங்குகிறது. சென்னை 720, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலை நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் பாடு இன்னும் மோசம்.

திணறும் டிரான்சிஸ்டர் சிக்னல்களைக் கலக்கத் தொடங்கும். மாலையில் சிற்றலையின் 49 மீட்டர், 31 மீட்டர் பட்டைகளில் பலத்த நிலையங்கள் நெருக்கியடிக்கும். 6,000 கிலோஹெர்ட்ஸில் ஒன்று, 9,500-இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கூடி 15,500-இல் ஒரு பொய் நிலையம் முளைக்கும். அங்கே உண்மையாகவே மெலிதாக ஒலித்துக்கொண்டிருந்த நிலையம் அதனடியில் புதைந்துபோகும்.

“கம்பி கட்டியதும் சிக்னல் மீட்டர் ஏறுகிறதே” என்பது வழக்கமான எதிர்வாதம். ஏறத்தான் செய்யும். எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் கிளப்பும் இரைச்சலையும் அது சேர்த்தே காட்டுகிறது. சிற்றலையில் நமக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இரைச்சல்தான். ஆளில்லாத அலைவரிசையில் நிறுத்தி ஆன்டெனாவைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் இரைச்சல் தெளிவாகக் கூடினால் ஆன்டெனா ஏற்கெனவே போதுமானது. அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு மீட்டரும் நிலையத்தையும் இரைச்சலையும் ஒருசேர உயர்த்தும், அவ்வளவுதான்.

பல ரேடியோக்களில் லோக்கல், டிஎக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. நீளக் கம்பிக்காரர்கள் சிக்னலைக் குறைக்கும் லோக்கல் பக்கம் போவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம் அதிகம். சிக்னலை 10 டெசிபல் குறைத்தால் உண்மையான நிலையம் 10 டெசிபல்தான் குறையும். கலப்பில் பிறந்த பொய்யோ வகையைப் பொறுத்து 20 அல்லது 30 டெசிபல் சரியும். சுவிட்சைத் தள்ளியதும் ஒரு குரல் அடியோடு மறைந்து அதனடியிலிருந்து இன்னொன்று தெளிவாக எழுந்தால், மறைந்தது பெரும்பாலும் பொய்தான்.

சுவிட்ச் இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்யும் ஒரு அட்டெனுவேட்டர் போதும். மத்திய அலைத் தொல்லை என்றால் அதை மட்டும் தடுக்கும் வடிகட்டி, இன்னும் கவனமாகக் கேட்பவருக்கு, வேண்டிய அலைவரிசைக்கு மட்டும் வழிவிடும் ப்ரீசெலக்டர். இவை எதுவும் கைவசம் இல்லாதவர், வீட்டு மின்வயர்களிலிருந்து விலக்கி ஐந்தாறு மீட்டர் கம்பி கட்டினாலே நன்றாகக் கேட்கலாம். யோசனை சொல்கிறவர்கள் மீட்டர் கணக்குக்கு முன்னால், உன்னிடம் இருப்பது என்ன ரேடியோ, பக்கத்தில் எந்த ஒலிபரப்பு நிலையம் என்று கேட்கட்டும்.