ஸான் ஸெபாஸ்டியன் கடற்கரை

ஸ்பெயின் தேசத்தின் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை வெயிலுக்குப் பேர் போனவை. தெற்கிலும் கிழக்கிலும் உள்ள அவ்வூர்களுக்கு வட ஐரோப்பியர்கள் சூரியனைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஸ்பெயின் தேசத்தாரே கோடையில் குளிர்ச்சியைத் தேடிப் போகும் கரை ஒன்று உண்டு. அது வடக்கே, பிஸ்கே வளைகுடாவின் ஓரத்தில், பிரெஞ்சு எல்லைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் ஸான் ஸெபாஸ்டியன். அவ்வூரில் பாஸ்க் பாஷை பேசுவோர் அதை டொனோஸ்தியா என்கிறார்கள். இந்த வாரம் நேயர்களை அங்கே அழைத்துப் போக விரும்புகிறோம்.

ஊருக்கு அழகு செய்வது லா கோன்சா என்னும் மணற்கரை. கோன்சா என்றால் சிப்பி. கரையும் சிப்பியைப் போலவே வளைந்து கிடக்கிறது. மேற்கே இகெல்தோ, கிழக்கே ஊர்குல் என்ற இரண்டு குன்றுகள் காவல் நிற்கின்றன. நடுவே ஸாந்தா கிளாரா என்னும் சிறு தீவு அலைகளின் வேகத்தைத் தடுக்கிறது. பிஸ்கே வளைகுடா மாலுமிகளை நடுங்க வைக்கும் கடல். இந்த வளைவுக்குள் மட்டும் அது குழந்தைகள் இறங்கி விளையாடும் குளம் போல் அடங்கியிருக்கிறது. 1912-ம் வருஷத்தில் அமைத்த கம்பியிழுவை ரயில் இன்றும் நம்மை இகெல்தோ குன்றின் மேல் கொண்டு போய் விடுகிறது.

கரையோரத்து நடைபாதையில் வரிசையாக நிற்கும் குட்டை மரங்களை உள்ளூரார் 'தமாரிந்தோ' என்கிறார்கள். அது புளிய மரத்தின் பெயர்; 'இந்தியாவின் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆயினும் புளியம்பழத்தைத் தேடி அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை. அவை தாமரிஸ்க் என்னும், உப்புக் காற்றைத் தாங்கக்கூடிய வேறொரு ஜாதி மரங்கள்.

இவ்வூரின் பெருமைக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு வைத்திய யோசனைதான். தோல் வியாதிக்குச் சமுத்திர ஸ்நானம் நல்லது என்று வைத்தியர்கள் சொன்னதன் பேரில், 1845-ல் இரண்டாம் இஸபெல் ராணி இங்கே வந்தாள். 1863-ல் கோட்டை மதிலை இடிக்க ஆரம்பித்தார்கள். ஊர் வெளியே வளர்ந்தது. 1887 முதல் மரியா கிறிஸ்தினா ராணி வருஷந்தோறும் கோடையை இங்கே கழித்தாள். அவளுக்காக 1893-ல் கட்டி முடித்த மிராமார் மாளிகை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பழைய பட்டணத்துக்குள் நுழைந்தால் வேறு கதை. அங்கே ஒரு தெருவுக்கு 'ஆகஸ்டு 31 வீதி' என்று பெயர். 1813-ல் அந்தத் தேதியில், நெப்போலியன் படையிடமிருந்து ஊரை மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள் உள்ளே புகுந்து ஊரைக் கொள்ளையடித்தன. ஸ்திரீகளை மானபங்கம் செய்தன. எழுந்த தீயில் ஏறக்குறைய ஊர் முழுவதும் சாம்பலாயிற்று. தப்பிய வீடுகள் பெரும்பாலும் இந்த ஒரு தெருவில்தான் இருந்தன. வந்தவர்களோ ஸ்பெயினின் சிநேகிதர்கள்! அந்நியன் விடுதலை வாங்கிக் கொடுப்பதன் விலை என்ன என்பதற்கு அந்தத் தெருப் பலகை சாட்சி.

ஆனால் இவ்வூரில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அரண்மனையும் அல்ல, தெருவும் அல்ல, பாஷைதான். பாஸ்க் பாஷை ஐரோப்பாவின் வேறு எந்தப் பாஷைக்கும் உறவு என்று நிரூபிக்கப்படவில்லை. அதில் 'எச்செ' என்றால் வீடு. 'எச்செயன்' என்றால் வீட்டில். 'எச்செதிக்' என்றால் வீட்டிலிருந்து. தமிழைப் போலவே சொல்லின் பின்னால் உருபு ஒட்டுகிறது. இதனால் இரண்டும் சகோதர பாஷைகள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த ஜனங்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் 'எவ்ஸ்கால்துன்'. அதற்குப் பொருள், பாஸ்க் பாஷையை உடையவன் என்பது. நிலத்தாலும் நிறத்தாலும் அல்லாமல் பாஷையால் தம்மை அழைத்துக்கொள்கிறார்கள்.

தமிழுக்கும் இந்தப் பாஷைக்கும் ஒரு பழைய சந்திப்பு உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், நவார் நாட்டில் பிறந்த பாஸ்க்காரர். இவர்களுடைய பாஷை வேறு, என்னுடைய தாய்பாஷை பாஸ்க். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை என்ற கருத்துப்பட அவர் 1544-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அடுத்த வருஷமே, 1545-ல், பாஸ்க் பாஷையின் முதல் புஸ்தகம் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது 1578-ல்.

இப்பாஷைக்கு வந்த பெரிய ஆபத்து 1936-ல் மூண்ட உள்நாட்டு யுத்தம். 1937-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் மேற்கேயுள்ள கெர்னிகா என்னும் ஊரின்மேல் குண்டு பொழிந்தன. ஜனங்களின் பழைய உரிமைகளைக் காப்பதாகப் பிரபுக்கள் பிரமாணம் செய்த ஓக் மரம் அவ்வூரில் நின்றது. ஊர் எரிந்தது, மரம் தப்பியது. அதன் வமிசத்தில் வந்த கன்று ஒன்று, 2015-ல் நடப்பட்டது, இன்று அங்கே நிற்கிறது.

வென்ற பிராங்கோ 1940 முதல் 1975 வரை கோடைக்கு வந்து தங்கிய இடம் இந்த ஸான் ஸெபாஸ்டியன்தான். ஐயெத்தே மாளிகையில் அவர் மந்திரிசபையைக் கூட்டினார். அவருடைய ஆட்சியில் பாஸ்க் பாஷைக்குப் பள்ளியிலும் பொது இடத்திலும் இடமில்லை. அதே ஊரில், அதே 1940-களில், பழைய பட்டணத்து வீடொன்றில் எல்பிரா ஸிபிட்ரியா என்ற ஆசிரியை சில குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாஷையிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். சர்வாதிகாரி ஒரு மாளிகையில். உபாத்தியாயினி ஒரு சிறு வீட்டில். நிலைத்தது எது என்று இப்போது தெரிகிறது.

இடையே துப்பாக்கியை நம்பியவர்களும் இருந்தார்கள். ஏட்டா என்ற கூட்டத்தாரால் எண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். 2018-ல் அது கலைந்து போயிற்று. பாஷையை வளர்த்தது அந்தத் துப்பாக்கி அல்ல என்பது நம் அபிப்பிராயம். 1979-ல் கிடைத்த சுயாட்சிச் சட்டமும், அந்த வீட்டு வகுப்பின் வழியில் பெருகிய பள்ளிகளும்தான் அதைச் செய்தன. அந்தச் சுயாட்சிப் பிரதேசத்தில், பதினாறு வயது நிரம்பியவர்களில் பாஸ்க் நன்றாகப் பேசுவோர் 1991-ல் நூற்றுக்கு 24 பேர். 2021-ல் 36 பேர். பெரும்பான்மை இன்னும் இல்லை. ஆனால் கணக்கு ஏறுமுகமாக இருக்கிறது.

அங்கே செல்லும் நேயர்கள் கடைக்காரரிடம் 'எஸ்கெரிக் அஸ்கோ' என்று ஒரு முறை வந்தனம் சொல்லிப் பார்க்கட்டும். செல்லாத நேயர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு சாப்பாட்டு வேளையில் நம் வீட்டுக் குழந்தைகள் எந்தப் பாஷையில் கதை கேட்கிறார்கள் என்று பெற்றோர்கள் சற்றுக் கவனிக்கட்டும். நம்மைத் தடுக்க எந்தச் சர்வாதிகாரியும் இல்லை.