துளை எண் மட்டும் போதுமா?

பழைய ஆயுதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடங்களில், பெரிய துளையுள்ள இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பற்றிய குறிப்பு, செய்தவர் பெயர், செய்த காலம், துளை எண் ஆகிய மூன்றோடு நின்றுவிடுவதுண்டு. பெயரும் காலமும் வரலாற்றுக்குப் பயன்படுவன. ஆனால் துளை எண் ஒன்றைக் கொண்டே அக்கருவியின் இயல்பை அறிந்துகொண்டதாக எண்ணுவது பிழையாகும். ஒரே துளை எண்ணைக் கொண்ட இரண்டு துப்பாக்கிகளுள் ஒன்று மற்றொன்றைவிட இரண்டு ராத்தல் கனமாக இருக்கலாம். ஒன்று தாங்கும் மருந்தை மற்றொன்று தாங்காமற் போகலாம். இவ்வேறுபாட்டை அறிய வேண்டுமாயின் துப்பாக்கியின் எடையும், குழல்களைத் தாங்கி நிற்கும் சட்டகத்தின் அளவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

துளை எண் என்பது நேரடியான நீள அளவன்று. ஒரு ராத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலில் சரியாகப் பொருந்துமோ அக்குழல் 12-ஆம் எண் துளையுடையது. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். 12-ஆம் எண்ணின் விட்டம் 18.5 மில்லிமீட்டர், 10-ஆம் எண்ணின் விட்டம் 19.7 மில்லிமீட்டர், 8-ஆம் எண்ணின் விட்டம் 21.2 மில்லிமீட்டர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நீர்ப்பறவைகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கு 10, 8, 4 ஆகிய எண்களையுடைய பெருந்துளைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

இவ்வெண்ணைப் படிப்பதிலும் தவறு நேரக்கூடும். பிரிட்டிஷ் சோதனைச் சாலைகளின் முத்திரை குழலின் உண்மையான உள்விட்டத்தைக் குறிக்கும். அதனால் 12-ஆம் எண் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் 13 என்ற எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முத்திரையை மட்டும் பார்த்து எழுதுவோர் அதனை 13-ஆம் எண் துப்பாக்கி என்றே பதிந்துவிடுவர்.

இனி எடையைப் பற்றி ஆராய்வோம். பெருந்துளைத் துப்பாக்கிகள் கனமாகச் செய்யப்பட்டது தோற்றப் பொலிவுக்காக அன்று. பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலறிஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், துப்பாக்கியின் எடை அது எறியும் ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருத்தல் வேண்டும் என்று ஒரு விதி வகுத்தார். அதன்படி 1⅛ அவுன்சு ரவை எறியும் 12-ஆம் எண் துப்பாக்கி 6¾ ராத்தல், அதாவது ஏறத்தாழ 3.06 கிலோகிராம் இருத்தல் வேண்டும். 2 அவுன்சு ரவை எறியும் 8-ஆம் எண் துப்பாக்கியோ 12 ராத்தல், அதாவது 5.44 கிலோகிராம் இருத்தல் வேண்டும்.

அனுபவத்தால் அமைந்த இவ்விதிக்குப் பௌதிகத்தில் தெளிவான அடிப்படை உண்டு. ரவை முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. மருந்து வாயுவின் பங்கை நீக்கிக் கணக்கிட்டால், ரவையின் வேகம் விநாடிக்கு 365 மீட்டராயின், 96 மடங்கு எடையுள்ள துப்பாக்கி விநாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கும். துளை எதுவாயினும் இவ்வேகம் மாறாது. ஆனால் உதைப்பின் ஆற்றல் 12-ஆம் எண்ணில் 22 ஜூலாகவும், 8-ஆம் எண்ணில் 39 ஜூலாகவும் அமையும். அந்த 2 அவுன்சு ரவையையே 6¾ ராத்தல் எடையுள்ள துப்பாக்கியிலிருந்து சுடுவதாகக் கொண்டால், உதைப்பின் ஆற்றல் 70 ஜூலாக உயரும். சுடுபவரால் தாங்க இயலாத உதைப்பு அது. ஆகவே, எடையறியாமல் அத்துப்பாக்கிக்கு உரிய ரவையின் அளவை ஊகிப்பதற்கில்லை.

எடை சுடுபவரின் தோளைக் காப்பது போலவே, சட்டகம் அவருடைய முகத்தையும் கைகளையும் காக்கிறது. தோட்டா வெடிக்கும்போது வாயுவின் அழுத்தம் குழலின் பின்புறச் சுவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் சமமாக இருந்தாலும், துளையின் பரப்பு மிகுந்தால் விசையும் மிகும். 12-ஆம் எண்ணைவிட 8-ஆம் எண்ணின் பரப்பு நூற்றுக்கு 31 பங்கு அதிகம். விசையும் அந்த அளவே கூடும். இவ்விசை கீலுக்கு மேலே, குழலின் மையக்கோட்டில் செயற்படுவதால், சட்டகத்தின் கிடைப்பகுதியும் நிமிர்ந்த பகுதியும் சேரும் மூலையை விரித்துத் திறக்க முயல்கிறது. பழைய துப்பாக்கிகளில் விரிசல் தோன்றினால் பெரும்பாலும் இம்மூலையிலேயே தோன்றும். 1863-இல் பர்டி உரிமை பெற்ற அடித்தாழும், குழலின் மேற்பகுதியைச் சட்டகத்தோடு பிணைக்கக் கிரீனர் அமைத்த குறுக்குத் தாழும் குழல்களை இறுகப் பிடித்து நிறுத்த எழுந்தவையே. எனினும் தாழ் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைத் தாங்கும் உலோகம் போதிய கனமுடையதாக இல்லாவிடில் பயனில்லை.

சட்டகத்தின் அளவை முறையாக வகைப்படுத்தியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் இயங்கிய பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம். சுடும் ஊசிகள் இரண்டின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம் முதலிய அளவுகளைக் கொண்டு அந்நிறுவனம் தன் சட்டகங்களுக்கு எண் கொடுத்தது. மிகச் சிறியது 000. மிகப் பெரியது 7. இவ்வெண்ணைக் குழலின் அடியிலுள்ள கொளுவியில் இன்றும் காணலாம். இவ்வெண் துளை எண்ணோடு ஒன்றுபட்டதன்று. 12-ஆம் எண் துப்பாக்கி 1-ஆம் சட்டகத்திலும் அமைந்தது. 2-ஆம் சட்டகத்திலும் அமைந்தது. அதே 2-ஆம் சட்டகம் 10-ஆம் எண் துப்பாக்கிக்கும் பயன்பட்டது. இன்னும் போற்றத்தக்கது, அராவி முடிக்கப்படுமுன் குழல்கள் இருந்த எடையையும் ராத்தல், அவுன்சு கணக்கில் பொறித்து வைத்தமையாகும். பிற்காலத்தார் எவரேனும் குழலை வெட்டிக் குறைத்தாரா, துருவை நீக்கவென்று உட்புறத்தைக் கடைந்தாரா என்பதை ஐயுறுவதற்கு அப்பொறிப்பு ஒரு சான்றாக நிற்கிறது.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டுவதாகிறது. கனமான துப்பாக்கி வலிமையான துப்பாக்கி என்று கருதுவோர் பலர். எடை அடிக்கட்டையில் இருக்கலாம். நீண்ட குழலின் முன்பாதியில் இருக்கலாம். வெடிக்கும் அறையைச் சூழ்ந்த சுவரோ மெலிந்து போயிருக்கலாம். மேலும் அத்துப்பாக்கிகளுட் பல கருமருந்துக்கென்று செய்யப்பட்டவை. புகையற்ற மருந்தின் அழுத்தத்திற்கு அவை சோதிக்கப்பட்டவை அல்ல. பழைய 10-ஆம் எண் துப்பாக்கிகளின் தோட்டா அறை 2⅞ அங்குலம் அல்லது அதனினும் குறைவு. 1932-இல் வந்த 10-ஆம் எண் மிகுமருந்துத் தோட்டாவோ 3½ அங்குலம். இரண்டுக்கும் துளை எண் ஒன்றே. அவ்வெண்ணை மட்டும் நம்புவோர் எத்தகைய ஆபத்துக்கு உள்ளாவர் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இவையெல்லாம் வழக்கொழிந்த கருவிகள். இவற்றை அளந்து ஆவதென்ன என்று கேட்போர் உண்டு. வலசைப் பறவைகளைச் சுட 10-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட பெருந்துளைத் துப்பாக்கிகளை அமெரிக்கா 1918-இல் தடுத்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இரண்டும் நல்ல முடிவுகளே. ஆயினும் வழக்கொழிந்தமையாலேயே இவற்றின் அளவுகளை நுணுகிப் பதிய வேண்டியிருக்கிறது. கணிப்பொறியும் உலோக ஆய்வுக்கூடமும் இல்லாத நாளில், விசையையும் உந்தத்தையும் கைப்பழக்கத்தால் கணித்து இரும்பில் வடித்தவர்களின் அறிவு அந்த எடையிலும் அளவிலுமே தங்கியிருக்கிறது. கைத்திறனுக்குச் சான்றாவது செதுக்கு வேலைப்பாடு. பொறியியல் அறிவுக்குச் சான்றாவது அளவு.

முன்னாள் சமஸ்தானங்களின் சேகரங்களிலிருந்து வந்த துப்பாக்கிகளைக் காத்துவரும் இந்திய அருங்காட்சியகங்கள் இப்பணியை எளிதில் மேற்கொள்ளலாம். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முழுத் துப்பாக்கியின் எடை, குழல்களின் தனி எடை, சுடும் ஊசிகளுக்கு இடையேயுள்ள தூரம், சட்டகத்தின் அகலம், குழற்சுவரின் கனம், தோட்டா அறையின் நீளம் ஆகிய ஆறையும் குறித்தல் வேண்டும். இதற்கு வேண்டுவன ஒரு தராசு, ஒரு வெர்னியர் அளவுகோல், சுவரின் கனத்தை அளக்கும் ஒரு கருவி, பழகிய ஒருவரின் ஒரு மணி நேர உழைப்பு ஆகியவையே. துரு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இரும்பை உண்டு வருகிறது. இன்று அளந்து வைக்காத கனத்தை நாளை எந்த நூலிலிருந்தும் மீட்டெடுக்க இயலாது.