மேளம் முழங்குகிறது, அடுப்பு எரிகிறதா?

சித்திரை மாதம் கள்ளழகர் அழகர்கோவிலில் இருந்து மதுரைக்குப் புறப்படுகிறார். சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். வழி எல்லாம் மண்டகப்படி. பார்த்த இடம் எல்லாம் மேளச் சத்தம்!

அந்த மேளக்காரர்களில் பலருக்கு அது முழுநேரத் தொழில் அல்ல. மற்ற நாட்களில் வயல் வேலை, கூலி வேலை. திருவிழா வந்தால் தோளில் தவில்.

ஏன் இந்த நிலை?

வைகாசியில் கல்யாணம் கூடும், கை ஓயாது. மார்கழியில் கல்யாணமே இல்லை. ஆனால் கருவிச் செலவு ஓய்வதில்லை. தவிலின் தோல் கிழியும். நாதசுரத்தின் சீவாளி தேயும். ஒலி கெட்டால் அடுத்த அழைப்பு வராது.

2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா வந்தது. அழகர் வைகைக்கு வரவில்லை. விழா கோவிலுக்குள் முடிந்தது. மேளங்கள் வீட்டு மூலையில் கிடந்தன.

2022-ல் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கினார். அதே ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு ஊர்க் கருவியை அந்தப் பெயரில் விற்க முடியாது. செய்கிறவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது.

வாசிக்கிறவருக்கு?

பல கோவில்களில் பூசை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. பொத்தானைத் தட்டினால் போதும். அதற்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். ஆனால் சாமி ஆடுகிறவரின் காலைப் பார்த்து அது அடியை மாற்றுமா?

திருவிழாவுக்கு ஊரே வரி கொடுக்கிறது. அதில் மேளத்துக்கு நியாயமான கூலி ஒதுக்கினால், தவில்காரர் மகனும் தவிலைத் தொடுவான். இல்லையேல், நாளை அழகர் முன்னால் பொத்தான்தான் முழங்கும்!