வெளியில் போடும் ஆண்டிபயாடிக் ஊசி: கண்காணிப்பில் வேறுபடும் நாடுகள்

மும்பை: மருத்துவமனையில் தங்காமலேயே ஆண்டிபயாடிக் ஊசி போட்டுக்கொள்ளும் முறை பல நாடுகளில் உள்ளது. ஆனால், ஊசி போட்ட பின் நோயாளியைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன.

பிரிட்டனில் 2012-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வீட்டில் ஊசி பெறுபவருக்கும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய குழுவே பொறுப்பு. ரத்தப் பரிசோதனை வாரந்தோறும் நடைபெற வேண்டும்.

இந்தியாவில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'அட்டவணை எச்1' விதி, செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளின் விற்பனைப் பதிவேட்டை 3 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. இது மருந்துக் கடைக்கான கட்டுப்பாடு மட்டுமே. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் சிறு கிளினிக்குகளில் ஊசி போட்டு வீடு திரும்புபவரின் சிறுநீரகத்தையோ செவித்திறனையோ யார் பரிசோதிப்பது என்பதை அது சொல்வதில்லை.

இந்த இடைவெளியின் விலையைக் காசநோயாளிகள் கொடுத்தனர். பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு கனாமைசின் ஊசியை ஆறு மாதங்களுக்கும் மேலாகப் போட வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் அதை வீட்டுக்கு அருகிலேயே போட்டுக்கொண்டனர். உட்செவியைச் சிதைக்கும் அந்த மருந்தால் பலர் நிரந்தரமாகக் கேட்கும் திறனை இழந்தனர்.

தென்னாப்பிரிக்கா 2018 ஜூனில் ஊசிக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், கனாமைசினைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இந்தியாவில் இம்மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது.

காசநோய் ஊசியால் செவித்திறன் இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும் 2019-இல் ஒரு சட்டப் போராட்டத்தைத் தொடங்கினர். பெடாகுயிலின் மீதான காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் அளித்த விண்ணப்பத்தை எதிர்த்து மனு செய்தனர். அந்த விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. மலிவான மாற்று மருந்துகளுக்கு வழி திறந்தது. முழுவதும் மாத்திரைகளால் ஆன ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

ஆயினும் பிரச்சினை தீரவில்லை. கனாமைசின் வகையைச் சேர்ந்த அமிகாசின் பிற தொற்றுகளுக்கு இன்றும் ஊசியாகவே செலுத்தப்படுகிறது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போதே, அடுத்த பரிசோதனை எங்கு, எந்த நாளில், யாரால் என்பதை எழுதித் தரும் நடைமுறை வந்தால்தான், மருத்துவமனைக்கு வெளியே போடும் ஊசி பாதுகாப்பானதாகும்.