பயர்பாக்ஸ் 57 மாற்றமும் தமிழ்ப் பயனர் பாணிகளும்

பயர்பாக்ஸ் 57 என்பது மொசில்லா 2017 நவம்பர் 14 அன்று வெளியிட்ட இணைய உலாவிப் பதிப்பு ஆகும். இது குவாண்டம் என்ற பெயராலும் அறியப்பட்டது. இப்பதிப்புடன் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தும் செயலிழந்தன. இணையப் பக்கங்களின் எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, நிறம் ஆகியவற்றைத் தம் வசதிக்கேற்ப மாற்றி வைத்திருந்த பயனர்கள் அம்மாற்றங்களை ஒரே நாளில் இழந்தனர். தமிழில் இணையத்தைப் படிப்போருக்கு இத்தகைய மாற்றங்கள் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. பல வேளைகளில் பக்கத்தைப் படிக்க முடிவதே அவற்றால்தான் என்பதால் இவ்விழப்பு தனியே நோக்கத்தக்கது.

பயனர் பாணி

ஓர் இணையப் பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை அப்பக்கத்தை ஆக்கியவர் பாணித்தாள் மூலம் வரையறுக்கிறார். படிப்பவரும் தமது பாணித்தாளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இத்தொழில்நுட்பத்தின் தொடக்கம் முதலே உள்ள ஏற்பாடு. இவ்வாறு படிப்பவர் சேர்ப்பது பயனர் பாணி எனப்படும். ஆக்கியவரின் விதியும் பயனரின் விதியும் மோதும்போது பொதுவாக ஆக்கியவரின் விதியே செல்லும். ஆனால் இரு தரப்பும் தம் விதியை "முக்கியம்" எனக் குறித்திருந்தால் பயனரின் விதியே வெல்லும். கண்பார்வை குறைந்தோர் பெரிய எழுத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு வகுக்கப்பட்டது.

பயர்பாக்ஸில் பயனர் பாணியை இரு வழிகளில் சேர்க்க முடிந்தது. ஒன்று, பயனரின் சுயவிவரக் கோப்புறையில் "குரோம்" என்ற உட்கோப்புறையை உருவாக்கி, அதில் பாணிக் கோப்பை எழுதி வைப்பது. (இப்பெயருக்கும் கூகுளின் உலாவிக்கும் தொடர்பில்லை. உலாவிச் சாளரத்தின் சட்டகத்தைக் குறிக்கும் பழைய சொல் அது.) மற்றொன்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டைலிஷ் என்னும் நீட்சி. கோப்புறை, மறுதொடக்கம் ஆகிய தொல்லைகள் இல்லாமல் ஒரு பெட்டியில் விதியை எழுதிச் சேமித்த உடனே பக்கம் மாறியதால் பெரும்பாலோர் இரண்டாவது வழியையே பின்பற்றினர்.

தமிழ்ப் பயன்பாடு

தமிழ் இணையத்தின் முதற்பத்தாண்டில் எழுத்துக் குறியாக்கங்கள் பல வழங்கின. திஸ்கி, 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் ஆகியவற்றுடன் நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கெனச் சொந்த எழுத்துருக்களை வைத்திருந்தன. எழுத்துருவைத் தானே இறக்கிக்கொள்ளும் இயங்கு எழுத்துரு நுட்பம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. பயர்பாக்ஸில் அத்தளங்களைத் திறந்தவர்கள் ஐரோப்பிய எழுத்துக்களின் குப்பையையே கண்டனர். இக்குறையைப் போக்க எழுந்த நீட்சிகளுள் பத்மா குறிப்பிடத்தக்கது. முதலில் தெலுங்குக்காக எழுதப்பட்டுப் பின்னர் தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இந்நீட்சி, பழைய குறியாக்கத்தில் உள்ள பக்கத்தைத் திரையில் தோன்றும்போதே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. தட்டச்சுக்குத் தமிழ்விசை என்னும் நீட்சி இருந்தது.

ஒருங்குறி பரவிய பின்னும் தோற்றச் சிக்கல்கள் நீங்கவில்லை. பயர்பாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில் பத்தியை இருபுறமும் சீராக்கினால் தமிழ் உயிர்மெய்கள் உடைந்தன. கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமும் விலகி நின்றன. வலைப்பதிவு வார்ப்புருக்கள் பலவற்றில் இச்சீராக்கம் இயல்பாகவே இருந்தமையால், "பத்தியை இடப்புறமாக மட்டும் அமை" என்ற ஒரு வரிப் பாணியை எழுதி வைத்துக்கொண்டு படிப்பதே வழக்கமாயிற்று. 2008 சூனில் வெளியான பயர்பாக்ஸ் 3 இக்குறையைக் களைந்தது. ஒரு வரிக்காக நீட்சியை நிறுவிய பலர் அதன்பின் வேறு பயன்களைக் கண்டுகொண்டனர்.

அவற்றுள் முதன்மையானது எழுத்தளவு. ஆங்கிலத்துக்கென வடிவமைக்கப்பட்ட தளங்களில் பதினொரு படப்புள்ளி அளவில் ஆங்கிலம் தெளிவாகத் தெரியும். அதே அளவில் தமிழில் "ண"வும் "ன"வும் வேறுபாடின்றி மங்கும். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட எழுத்துக்களுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த லதா எழுத்துரு அகலமானது; ஒடுங்கிய பக்கப்பட்டைகளில் அது வழிந்து ஓடியது. ஆகவே பயனர்கள் தாம் விரும்பும் எழுத்துருவை எல்லாத் தளங்களுக்கும் விதித்தனர். அனைத்து உறுப்புகளுக்கும் ஒரே எழுத்துரு என்று விதித்தவர்கள் பிற்காலத்தில் வேறொரு விளைவைச் சந்தித்தனர். தளங்கள் பட்டன்களுக்கான சின்னங்களையும் எழுத்துருவாகவே தரத் தொடங்கியபோது, தேடல் கண்ணாடியும் பட்டியல் கோடுகளும் வெற்றுக் கட்டங்களாக மாறின. இது நீட்சியின் பிழையன்று, விதியின் பேராசை எனலாம்.

மாற்றத்தின் காரணம்

பழைய நீட்சிகள் உலாவியின் உட்பகுதியை நேரடியாகத் தொட்டு மாற்ற வல்லவை. பயர்பாக்ஸின் செல்வாக்குக்கு அதுவே காரணம். பிற்காலத் தடைக்கும் அதுவே காரணமாயிற்று. உலாவியின் உள்ளமைப்பை மொசில்லா மாற்றும்போதெல்லாம் நீட்சிகள் உடைந்தன. நீட்சிகள் உடையும் என்று அஞ்சி உள்ளமைப்பை மாற்றாமல் இருந்தால் உலாவி வேகம் குன்றியது. தீய நோக்குள்ள நீட்சி பயனரின் கணினியில் எதையும் செய்யக்கூடும் என்ற பாதுகாப்புக் குறையும் இருந்தது.

2015 ஆகத்தில் மொசில்லா தன் புதிய நீட்சி முறையை அறிவித்தது. இது கூகுள் குரோமின் முறையைப் பெரிதும் ஒத்தது. 2016 நவம்பரில், அடுத்த ஆண்டு இறுதிக்குள் பழைய நீட்சிகள் நிறுத்தப்படும் எனக் காலக்கெடுவும் தரப்பட்டது. நீட்சி எழுதுவோருக்கு இரண்டாண்டு அவகாசம் கிடைத்தது என்பது உண்மை. ஆயினும் அறிவிப்புகள் எழுதுவோரை நோக்கியே அமைந்தன. நீட்சியைப் பயன்படுத்துவோர் பெரும்பாலோர் செய்தியை அறிந்தது, உலாவி தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொண்ட மறுநாள் காலையில், தம் நீட்சிகள் "மரபு நீட்சிகள்" என்ற தனிப் பட்டியலில் முடங்கிக் கிடந்ததைக் கண்டபோதுதான்.

உடைந்தவை

ஸ்டைலிஷ் முற்றாக மறையவில்லை. புதிய முறையில் மீண்டும் எழுதப்பட்டு வந்தது. எனினும் பெயர் ஒன்றாயினும் தன்மை வேறாயிற்று.

முதலாவதாக, உலாவிச் சாளரத்தின் தோற்றத்தை மாற்றும் பாணிகள் எவையும் இயங்கவில்லை. புதிய முறையில் நீட்சிகளுக்கு இணையப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் அனுமதி இல்லை. கீற்றுகளின் பெயர்கள் தமிழில் வெட்டுப்படாமல் தெரிவதற்காகக் கீற்றுப் பட்டையின் உயரத்தைக் கூட்டி வைத்திருந்தோர் அதை இழந்தனர்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் அதுவே பெரிது. பழைய நீட்சி பயனரின் விதியைப் பயனர் நிலையிலேயே செலுத்தியது. புதிய நீட்சியோ அவ்விதியைப் பக்கத்துக்குள் ஒரு துண்டாகச் செருகியது. அதாவது, பயனரின் விதி பக்கத்தை ஆக்கியவரின் விதிகளுள் ஒன்றாகத் தாழ்ந்தது. "முக்கியம்" என்று குறித்தாலும் இனி வெற்றி உறுதியில்லை. ஆக்கியவரும் அவ்வாறே குறித்திருந்தால் யாருடைய விதி நுணுக்கமானது என்ற கணக்கே முடிவு செய்யும். நேற்று வரை வேலை செய்த எழுத்தளவு விதி சில தளங்களில் மட்டும் இன்று வேலை செய்யாததன் காரணம் இதுவே. பலர் தம் விதியில் எழுத்துப்பிழை இருப்பதாக எண்ணித் தேடிக்கொண்டிருந்தனர். பக்கம் முதலில் தன் இயல்பான தோற்றத்தில் ஒரு கணம் தோன்றிப் பின்னர் மாறுவதும் சிலரைத் துன்புறுத்தியது. இரவில் கரும்பின்னணியில் படிப்போருக்கு அந்த ஒரு கணம் வெள்ளை மின்னலாகத் தெரிந்தது.

மூன்றாவது, சேமித்த பாணிகளின் இடம்பெயர்வு. பழைய நீட்சி அவற்றை ஒரு தரவுத்தளக் கோப்பில் வைத்திருந்தது. புதிய நீட்சிகளுக்கு அக்கோப்பைத் திறக்கும் உரிமை இல்லை. இதற்கென இரண்டும் கலந்த இடைக்கால நீட்சி முறை ஒன்றை மொசில்லா வழங்கியிருந்தது. இடைக்காலப் பதிப்பு ஒரு முறையேனும் இயங்கியிருந்தால் தரவு புதிய இடத்துக்குச் செல்லும். அதற்கு முன்பே உலாவி 57க்கு மாறிவிட்டால் பாணிகள் வன்தட்டில் அழியாமல் இருந்தும் கைக்கெட்டாதவை ஆயின.

பத்மா போன்ற மாற்றி நீட்சிகளைப் பொறுத்தவரை, பழைய வடிவில் இருந்தவை எவையும் 57இல் இயங்கவில்லை. நாளிதழ்கள் ஒருங்குறிக்கு மாறிவிட்டதாலும், 2010 சூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றதாலும் இவ்விழப்பு அப்போது அதிகம் பேசப்படவில்லை. இழந்தோர் பழைய திஸ்கிப் பக்கங்களைத் தேடிப் படிக்கும் சிலரே. தட்டச்சிலும் பாதிப்பு சிறிதே. எ-கலப்பை, என்.எச்.எம். எழுதி ஆகியன உலாவியைச் சாராமல் இயக்குதளத்தில் இயங்குவன. பெரும்பாலோர் ஏற்கனவே அவற்றுக்கு மாறியிருந்தனர்.

பயனர்கள் கண்ட வழிகள்

முதல் வழி மாறாமல் இருப்பது. பயர்பாக்ஸ் 52இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு பழைய நீட்சிகளை 2018 செப்டம்பர் வரை தாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றில் இயங்கிய கடைசிப் பதிப்பும் இதுவே. எனவே பழைய கணினி வைத்திருந்தோர் விரும்பாமலே இம்மாற்றத்திலிருந்து தப்பினர். டெபியன் பயனர்களுக்கும் இம்மாற்றம் 2018 செப்டம்பரிலேயே வந்தது. அவர்களை அது எளிய பாதுகாப்பு இற்றைப்பாட்டின் வடிவில் அடைந்தது. 2011 முதல் விழுப்புரம் மாவட்டம் உட்பட மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இணைந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியனைச் சார்ந்ததே. ஆனால் ஆதரவு முடிந்த உலாவியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. 2018 அக்டோபர் தொடங்கி மொசில்லாவின் தளத்திலிருந்தும் பழைய நீட்சிகள் அகற்றப்பட்டன. வாட்டர்பாக்ஸ், பேல்மூன் போன்ற கிளை உலாவிகளுக்குச் சென்றோரும் உண்டு.

இரண்டாம் வழி ஸ்டைலஸ். ஸ்டைலிஷின் குரோம் வடிவத்திலிருந்து கிளைத்த கட்டற்ற நீட்சி இது. மேற்கூறிய நிலைத்தாழ்வு இதற்கும் உண்டு. எனினும் பாணிகளைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்க முடிந்தமை பயனர்களுக்குத் துணிவளித்தது. புதிய ஸ்டைலிஷையே நம்பியிருந்தோர் 2018 சூலையில் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. 2017இல் சிமிலர்வெப் நிறுவனத்திடம் சென்றிருந்த அந்நீட்சி, பயனர்கள் செல்லும் பக்கங்களின் முகவரிகளைத் திரட்டி அனுப்புவது அம்மாதம் வெளிப்படுத்தப்பட்டது. மொசில்லாவும் கூகுளும் அதைத் தம் களஞ்சியங்களிலிருந்து நீக்கின. பின்னர் அது திரும்பி வந்தபோதும் சென்றவர்கள் பலர் திரும்பவில்லை. எழுத்தைப் பெரிதாக்கும் ஒரு சிறு கருவிக்குப் பயனர் செல்லும் எல்லாப் பக்கங்களையும் காணும் உரிமை தேவைப்படுகிறது என்பது இந்நிகழ்வுக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது.

மூன்றாம் வழி மிகப் பழையது: சுயவிவரக் கோப்புறையில் கையால் எழுதும் பாணிக் கோப்பு. நீட்சியைச் சாராததால் இது 57இலும் இயங்கியது. விதி மீண்டும் பயனர் நிலையைப் பெற்றது. சாளரத்தின் தோற்றத்தையும் மாற்ற முடிந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் உலாவியை மூடித் திறக்க வேண்டும் என்பதே குறை. 2019 செப்டம்பரில் வெளியான பயர்பாக்ஸ் 69 இக்கோப்புகளை இயல்பாகப் படிப்பதை நிறுத்தியது. மேம்பட்ட அமைப்புகளில் ஒரு விருப்பத்தை இயக்கினால் மட்டுமே அவை செயல்படும்.

இவ்வளவும் வேண்டாதவர்களுக்கு உலாவியின் எழுத்துரு அமைப்பே போதுமானது. மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, விரும்பும் எழுத்துருவையும் குறைந்தபட்ச எழுத்தளவையும் குறித்து, பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்வதைத் தடுக்கலாம். பக்கத்தின் மொழி தமிழ் எனச் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால்தான் இது முழுப் பயன் தரும். தமிழ்த் தளங்கள் பல ஆங்கில வார்ப்புருவை எடுத்து மொழிக்குறியை மாற்றாமல் விட்டுவிடுகின்றன.

பிற்கால நிகழ்வுகள்

2019 மே 4 அன்று மொசில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் உலகெங்கும் பயர்பாக்ஸ் நீட்சிகள் முடங்கின. மறுநாள் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. பொறுத்திருந்தோரின் பாணிகள் அப்படியே மீண்டன. பொறுமையிழந்து நீட்சியை நீக்கி மறுபடி நிறுவ முயன்றவர்கள் சேமித்தவற்றையும் சேர்த்தே இழந்தனர், ஏனெனில் நீட்சியை நீக்கும்போது அதன் தரவும் நீங்கும்.

குரோம் உலாவி தன் பயனர் பாணிக் கோப்பு வசதியை 2014இன் தொடக்கத்திலேயே கைவிட்டிருந்தது. அங்கு நீட்சியைத் தவிர வேறு வழியில்லை. அந்நீட்சி முறையின் இரண்டாம் பதிப்பை கூகுள் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தியபோது ஸ்டைலஸும் மூன்றாம் பதிப்புக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டது. 2017இல் பாணிகளை இழந்த பயனர்களுள் சிலர் இம்முறை முன்கூட்டியே ஏற்றுமதிக் கோப்பை எடுத்து வைத்திருந்தனர்.